சைலன்சரை மாற்றினீர்களா, ஜெட்டைப் பார்த்தீர்களா?

புல்லட் வாங்கியவர் முதலில் கைவைப்பது சைலன்சரில்தான். கம்பெனி சைலன்சரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு ஷார்ட் பாட்டிலோ கோல்ட்ஸ்டாரோ மாட்டுவார். கொஞ்ச நாளில் ஏர் ஃபில்டர் பெட்டியும் போய், அந்த இடத்தில் கூம்பு வடிவ ஓபன் ஃபில்டர் வந்து உட்காரும். சத்தம் கூடியதும் பிக்கப்பும் கூடிவிட்டதாக ஒரு நினைப்பு. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது, பாதித் திருகலில் வண்டி தயங்குகிறது, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் நீலம் பாய்கிறது. மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. மெக்கானிக் மொழியில் வண்டி ‘லீன்’ ஓடுகிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புல்லட்டும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டது. இங்கே பேசுவது அதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றி, குறிப்பாகத் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த பழைய காஸ்ட் அயர்ன் 350-ஐப் பற்றி. 346 சி.சி. இன்ஜின், அதன் தோளில் மிகுனி வகையைச் சேர்ந்த 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கிலோவில் சொன்னால் இது உறைக்காது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் காற்று என்றால் உறைக்கும். இந்தக் கணக்கைக் கார்புரேட்டர் சென்சார் எதுவும் இல்லாமலே போடுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே இழுபடுகிறது. கார்புரேட்டரின் தொண்டை குறுகலானது என்பதால் அங்கே காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேலோ வெளிக்காற்றின் முழு அழுத்தம். இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் என்ற பாகத்தின் சிறு துளை வழியே மேலே தள்ளுகிறது. பழைய வீடுகளில் கொசு மருந்து அடித்த ஃப்ளிட் பம்ப் வேலை செய்ததும் இப்படித்தான்.

ஏர் பெட்டி காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது. அந்தத் தடையால் தொண்டையில் அழுத்தம் இன்னும் சற்று இறங்கியிருக்கும். கம்பெனிக்காரர்கள் அந்த இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் ஜெட்டின் அளவை முடிவு செய்தார்கள். பெட்டியை எடுத்துவிட்டால், அதே அளவு காற்று போனாலும் முன்பைவிடக் குறைவான பெட்ரோலே மேலேறும். போதாக்குறைக்குக் காற்றும் கூடுதலாகப் போகிறது. சைலன்சரின் பாதிப்பு இவ்வளவு இல்லை. புகை தடையில்லாமல் வெளியேறினால் சிலிண்டரில் தங்கும் மிச்சம் குறைந்து, புதுக் கலவைக்கு இடம் கூடுகிறது, அவ்வளவே.

ஆகவே என் கட்சி இது: சைலன்சரை மாற்றியே தீருவேன் என்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்று தெரிந்துகொண்டு மாற்றட்டும். ஏர் பெட்டியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நிதானமாகச் சுழலும் இந்த இன்ஜினுக்கு அது பெரிய தடையே இல்லை. நம் ஊர்ப் புழுதியும் ஐப்பசி மழையும் ஓபன் ஃபில்டரைச் சும்மா விடாது.

ஜெட் வாங்கக் கடைக்கு ஓடுமுன் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பையும் பெண்ட் பைப் கேஸ்கெட்டையும் பார்த்துவிட வேண்டும். அங்கே காற்றுக் கசிந்தாலும் இதே வெடிச்சத்தம் வரும். ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

இனி டியூனிங். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டில் வண்டி திணறுகிறது என்பதை வைத்துத்தான் எதைத் தொடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஐடிலிங்கிலும் தொடக்கத் திருகலிலும் பைலட் ஜெட், ஏர் ஸ்குரூவின் ஆட்சி. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆனாலும் மெயின் ஜெட்டில் தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது, நீடிலைத் தாண்டி வரும் பெட்ரோலும் அதன் வழியாகத்தான் வருகிறது. எண் கூடினால் துளை பெரிது. ஒரு எண் ஏற்றிப் பார்த்து, நீண்ட காலிச் சாலையில் முழுத் திருகலில் ஓட்டி, பிடியை ஒரு நூல் தளர்த்துங்கள். வண்டி சற்றே முன்னே இழுத்தால் இன்னும் லீன். மந்தமானால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். பழைய ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் வேலை மட்டும் வேண்டாம்; பிறகு அதன் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

நீடில்தான் சுவாரசியம். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங்கோடு ஸ்லைடு வெளியே வரும், அதன் அடியில் கூர்மையான பித்தளை ஊசி தொங்கும். ஊசியின் தலைப்பக்கம் மெல்லிய வரிப் பள்ளங்கள், ஒன்றில் நகத்தளவு கூட இல்லாத கிளிப். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி அந்த அளவு மேலேறி, பெட்ரோல் கூடுகிறது. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு வேலை செய்யுங்கள், அந்தக் கிளிப் துள்ளிப் போனால் கிடைக்காது.

ஏர் ஸ்குரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, இன்ஜின் சூடான பின் ஐடிலிங் அதிகம் ஏறும் இடத்தைத் தேட வேண்டும். இது காற்றின் திருகு: திறந்தால் லீன், மூடினால் ரிச். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்துவிட்டால் பைலட் ஜெட் சிறிது என்று பொருள்.

பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பழைய வழக்கம். வெள்ளையானால் லீன், கரி படிந்தால் ரிச், காபி நிறம் நல்லது. ஈயம் போன இன்றைய பெட்ரோலில் நிறம் அவ்வளவு தெளிவாகப் படிவதில்லை. பங்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்குக் கிலோவுக்கு 13.5 கிலோ காற்றே போதும். அதே ஜெட் என்றால் சைலன்சரைத் தொடாத பழைய வண்டியும் இப்போது சற்று லீன்தான். சில வருடத்துக்கு முன் டியூன் செய்த வண்டிக்கு நீடிலை ஒரு பள்ளம் உயர்த்திப் பார்க்கலாம்.

சென்னையில் சரிசெய்த வண்டி 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் ரிச்சாகி மந்தமாகும். அங்கே ஸ்பேனரை எடுக்காதீர்கள், மேட்டுப்பாளையம் வந்ததும் தானே சரியாகிவிடும்.