கடல் கடந்து பந்தாடப் போன சிக்கிம் இளைஞர்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருக்கு ஹவுராவில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகனுக்கு வயது பதினைந்து. படிப்பில் நடுத்தரம், கால்பந்தில் கெட்டிக்காரன்.

"சார், நீங்க மைதான் மேட்ச்செல்லாம் வருஷக்கணக்காப் பாக்கறவர். பையனை இங்கிலாந்துல ட்ரையலுக்கு அனுப்பி வைக்கறேன்னு ஒருத்தர் சொல்றார். நாலு லட்சம் கட்டணுமாம். ஊர்ல இருக்கற வீட்டு மேல கடன் வாங்கலாமான்னு யோசிக்கறேன்" என்றார்.

"கட்டாதீர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் பையனும் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லில் அவன் ஆசையைத் தட்டிவிட மனம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வரச் சொல்லி, அவர்களிடம் நான் விளக்கியதையே இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு சில வீடுகளும் நம்மிடையே இருக்கக்கூடும்.

நான் விளையாட்டு நிபுணன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ஹவுரா பக்கம் ஒரு லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் வங்காளம் தெரியாமல் தவித்த எனக்கு முதலில் நண்பர்களைத் தேடித் தந்தது கால்பந்துதான். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மலைக்கிராமத்திலிருந்து மைதானுக்கு

நான் எடுத்துக்கொண்ட உதாரணம் பாய்ச்சுங் பூட்டியா. 1976 டிசம்பர் 15 அன்று தெற்கு சிக்கிமில் டிங்கிடாம் என்ற மலைக்கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை கிடைத்து காங்டாக்கில் உள்ள தாஷி நம்கியால் பள்ளியில் சேர்ந்தார். 1992ஆம் ஆண்டு சுப்ரதோ கோப்பைப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அங்கே அவரைக் கவனித்தவர் இந்திய அணியின் முன்னாள் கோல்கீப்பர் பாஸ்கர் கங்கூலி. அவர் காட்டிய வழியில் 1993இல், பதினாறு வயதில், கொல்கத்தா வந்து ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். புது மொழி, புதுச் சாப்பாடு, வேர்த்துக் கொட்டும் வெயில். சிக்கிம் மலைப் பையனுக்குக் கொல்கத்தாவே ஒரு வெளிநாடுதான். இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து பஞ்சாபில் பக்வாராவுக்குப் போனார். அங்கே ஜே.சி.டி. துணி ஆலையின் அணி. 1996-97இல் முதன்முதலாக நடந்த தேசிய கால்பந்து லீகை அந்த அணி வென்றது. அதிக கோல் போட்டவர் பூட்டியா. 1997இல் மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார்.

அதே ஆண்டு ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதி. எதிரணி மோகன் பகான். கூட்டம் 1,31,000 பேர். எங்கள் ஷெட் ஃபிட்டர் ஒருவர் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பூட்டியா மட்டும் மூன்று கோல். பக்கத்தில் நின்றவரின் குரலே காதில் விழாத இரைச்சல். வீடு வந்து சேர நள்ளிரவாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. மறு ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இங்கேயே இருந்திருந்தால் பேரும் பணமும் குறைவின்றி வந்திருக்கும்.

கதவுகள் எப்படித் திறக்கின்றன?

1999இல் அவர் இங்கிலாந்துக்குப் போனார். ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம்விச், ஆஸ்டன் வில்லா ஆகிய கிளப்புகளில் ட்ரையல் கொடுத்தார். எதுவும் கைகூடவில்லை. கடைசியில் செப்டம்பர் 30 அன்று பெரி என்ற கிளப் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பியக் கிளப் ஒன்றுடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் அவரே. அவருக்கு முன்பு, 1936இல், கொல்கத்தாவின் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். பூட்ஸ் இல்லாமல், காலில் துணிக்கட்டு மட்டும் போட்டு ஆடி எல்லோரையும் வியக்க வைத்தவர். ஊர் நினைவு தாளாமல் திரும்பிவிட்டார்.

கிளப் சரி என்றாலும் போதாது, அரசாங்கத்தின் வேலை அனுமதியும் வேண்டும். அந்நாளைய பிரிட்டிஷ் விதிப்படி, வெளிநாட்டு ஆட்டக்காரர் முந்தைய இரண்டு ஆண்டுகளில் தம் நாட்டு அணியின் முக்கிய ஆட்டங்களில் 75 சதவீதமாவது ஆடியிருக்க வேண்டும். அந்த நாடும் ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். இந்தியா அப்போது நூறுக்கும் அப்பால் இருந்தது. அதாவது, நம் ஆட்டக்காரருக்கு விதிப்படி அனுமதி தானாகக் கிடைக்காது. அவர் விசேஷத் திறமை உள்ளவர் என்று தனியே வாதாடித்தான் பெற வேண்டும்.

பெரியில் மூன்று ஆண்டுகள்

மான்செஸ்டருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டரில் உள்ள பழைய துணி ஆலை ஊர் பெரி. ரயில்வேக்காரன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டர்–பெரி ரயில் பாதை 1916லேயே மின்மயமானது. 1992 முதல் அதில் டிராம் ஓடுகிறது. கிளப் 1885இல் தொடங்கியது. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பழம்பெருமை உண்டு. ஆனால் பூட்டியா போன சமயம் அது இறங்குமுகத்தில் இருந்தது.

இங்கிலாந்து லீக் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். மொத்தம் 92 கிளப்புகள், நான்கு படிகள். மேல்படி பிரீமியர் லீக், அதில் 20 அணிகள். மற்ற மூன்றிலும் 24 வீதம். அந்நாளில் பிரீமியருக்குக் கீழே இருந்ததை ஃபர்ஸ்ட் டிவிஷன் என்றும் அதற்கும் கீழே இருந்ததை செகண்ட் டிவிஷன் என்றும் அழைத்தார்கள். பெரி இருந்தது செகண்ட் டிவிஷனில், அதாவது உண்மையில் மூன்றாம் படியில். ஆண்டு முடிவில் கடைசி இடங்களில் உள்ளவர்கள் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். ஆகஸ்ட் முதல் மே வரை 46 லீக் ஆட்டங்கள், குளிரிலும் மழையிலும் சேற்றிலும். உடம்போடு உடம்பு மோதும் வேகமான ஆட்டம்.

1999 அக்டோபர் 3 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். லீகில் முதல் கோல் 2000 ஏப்ரல் 15 அன்று, செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக. நடுவே ஆறு மாதம் ஓடிவிட்டது. பிறகு முழங்கால் காயம் வந்தது. மூன்றாவது ஆண்டில் பெரும்பாலும் ஆடவே முடியவில்லை. 2002இல் பெரி கிளப் பண நெருக்கடியில் மாட்டி, நான்காம் படிக்கும் இறங்கியது. பூட்டியா இந்தியா திரும்பினார். கணக்குப் பார்த்தால் 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள்.

இந்த இடத்தில் பையன் குறுக்கிட்டான். "தாத்தா, சால்ட் லேக்ல ஒரே நாள்ல மூணு கோல் போட்டவர், அங்க மூணு வருஷத்துல மூணு கோல்தானா? அப்போ அவர் போனது தப்பா?"

நல்ல கேள்வி. பதிலை எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து சொன்னேன்.

ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்தவனிடம் யாரும் ராஜதானியைக் கொடுப்பதில்லை. முதலில் உதவி டிரைவர், பிறகு ஷண்டிங், கூட்ஸ், பாசஞ்சர், அதற்கப்புறம்தான் மெயில். இன்னொன்றும் உண்டு. இருபது வருஷம் மெயில் ஓட்டிய டிரைவராக இருந்தாலும், புதிய செக்ஷனுக்கு மாற்றினால் முதல் நாளே தனியாக ஓட்ட விடமாட்டார்கள். அந்தப் பாதையை அறிந்த ஒருவரோடு சில முறை போய்வர வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்த சிக்னல் மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று பழக வேண்டும். பிறகுதான் கையெழுத்துப் போட்டு வண்டியை ஏற்பார். இதற்கு 'ரோடு லேர்னிங்' என்று பெயர். அதைத் தாழ்வாக நினைக்கும் டிரைவரை நான் பார்த்ததில்லை.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டத்தின் முன் ஆடியவர், சில ஆயிரம் பேர் பார்க்கும் மைதானத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தாரே, அது அவருடைய ரோடு லேர்னிங். நம்மில் பலர் ஊரில் நல்ல பேரோடு இருந்துவிட்டு, இங்கே வந்து பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களிடையே முதல் படியில் நின்றவர்கள்தாம்.

திரும்பி வந்தபின் நடந்ததையும் பாருங்கள். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் கோப்பை வென்றது. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனா அணியை 3-1 என்று தோற்கடித்தது. போட்டியில் 9 கோல்களோடு முதலிடம் பூட்டியாவுக்கு. அதே ஆண்டு மலேசியாவில் பேராக் அணிக்கும் ஆடினார். 2008இல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை இந்தியா வென்றபோது அவரே தலைவர். அந்த வெற்றியால்தான் 1984க்குப் பிறகு முதல் முறையாக, 2011இல், ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடியது. அதே 2008இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. இத்தனைக்கும் பெரிதான் காரணம் என்று வாதாட மாட்டேன். ஆனால் 37 ஆட்டம், 3 கோல் என்ற கணக்கை மட்டும் வைத்து அந்த மூன்றாண்டை வீண் என்று சொல்லவும் மாட்டேன்.

அப்படியானால் நம் பையன்?

அப்பாவின் பக்கம் திரும்பினேன். பூட்டியா வெளிநாடு போனபோது அவருக்கு வயது 22. அதற்குள் ஆறு ஆண்டு தொழில்முறை ஆட்டம், தேசிய லீக் பட்டம், இந்திய அணியில் இடம் எல்லாம் இருந்தன. அவருக்குப் பின் போனவர்களும் இப்படித்தான். சுனில் சேத்ரி 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது வயது 25. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனபோது 22. மூவரும் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டு இங்கே தேறியவர்கள். பதினைந்து வயதில் யாரும் போகவில்லை.

போகவும் முடியாது. ஃபிஃபா விதியின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக்கூடாது. சில விலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால், உதாரணமாக வேலை மாற்றத்தால், அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் பிள்ளை அங்கே ஆடலாம். இங்கிலாந்தில் 2021 முதல் வெளிநாட்டிலிருந்து பதினெட்டு நிறையாதவரை எடுக்கவே அனுமதியில்லை. பெரியவர்களுக்கும் நாட்டு அணி, லீக் தரம் இவற்றைப் பார்த்துப் புள்ளிகள் போட்டுத்தான் அனுமதி தருகிறார்கள். ஏஜென்ட்டுகளுக்குத் தேர்வும் உரிமமும் வேண்டும் என்று 2023இல் ஃபிஃபா மறுபடி விதித்தது.

ஆகவே நாலு லட்சம் கேட்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள் என்றேன். உங்கள் உரிமம் எங்கே? எந்த கிளப், அதன் கடிதம் எங்கே? அந்தக் கடிதம் உண்மைதானா என்று நாங்களே கிளப்புக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாமா? பதினைந்து வயதுப் பையனை எந்த விதியின்கீழ் சேர்ப்பார்கள்?

அவர் போய்க் கேட்டார். முதல் கேள்விக்கே அந்த ஆள் போனை வைத்துவிட்டாராம். வீடு தப்பியது.

பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அம்மா சொன்னார். பேசாமல் இருந்தது நியாயம்தான். ஆசை பொய்யில்லையே, காட்டிய வழிதான் பொய். இப்போது மைதானில் ஒரு சிறிய கிளப்பில் சேர்ந்திருக்கிறான். காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம். பிளஸ் டூ முடிப்பது கட்டாயம் என்று அப்பாவும், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லக்கூடாது என்று மகனும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அவன் தேறுவானா என்று எனக்குத் தெரியாது. போன ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். ஒரு நல்ல பாஸ் கொடுத்தான். வரும் ஞாயிறும் போகிறேன். நம் சங்கத்தார் நாலு பேர் சேர்ந்து வந்து கைதட்டினால் பையனுக்குத் தெம்பாக இருக்கும். வர விரும்புவோர் முன்கூட்டியே எனக்குச் சொல்லுங்கள், ஹவுரா படகுத்துறையில் சந்திப்போம்.