பாட்டியின் கவுனில் பேத்தி!

2020-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி விண்ட்ஸரில் ஓர் அரச குடும்பத்துக் கலியாணம். கொரோனாக் காலமாதலால் விருந்தினர் சுமார் இருபது பேர்தான். மணப்பெண் இளவரசி பியாட்ரிஸ் உடுத்தியிருந்த கவுன் கடையில் வாங்கியதல்ல. பாட்டியிடம் கேட்டு வாங்கியது! பாட்டி யார் தெரியுமோ? சாக்ஷாத் எலிஸபெத் மகாராணியார்தான். 1962-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் முதல் காட்சிக்கு மகாராணி அணிந்து சென்ற தந்த நிறப் பட்டுக் கவுன் அது. மகாராணியின் மணக்கோல உடையையும் முடிசூட்டு விழா உடையையும் உருவாக்கிய நார்மன் ஹார்ட்னெல்லின் கைவண்ணம்.

"இதென்ன அதிசயம்? பாட்டியின் பட்டுப்புடவையை நாங்கள் கட்டுவதில்லையா?" என்று வாசகிகள் கேட்கலாம். புடவையின் சௌகரியம் வேறு, அம்மணி! யார் இடுப்பானாலும் சுற்றிக்கொள்ளும். மேல்நாட்டு இரவு விருந்துக் கவுனோ ஒரே உடம்புக்கென்று அளந்து வெட்டியது. 1950-களில் தைத்த நல்ல கவுன் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், அதற்குள் இன்னோர் உடை ஒளிந்திருக்கும். வளையும் பட்டைகள் வைத்துத் தைத்த கச்சும், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் நாடாவும்தான் அது. தோளில் பிடிப்பே இல்லாத கவுன் நழுவாமல் நிற்பது இந்தக் கச்சின் புண்ணியத்தால்தான். கச்சு பொருந்தாவிட்டால் கவுனும் பொருந்தாது.

நல்ல வேளையாக, அந்நாளைய பெரிய தையல் நிலையங்கள் துணியில் கஞ்சத்தனம் செய்யவில்லை. சீமாட்டி சற்றுப் பருத்தால் பிரித்து விடலாமே என்று தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டார்கள். அந்த உள்துணிதான் இன்று புது எஜமானிக்குக் கை கொடுக்கிறது. ஆனாலும் பிடிப்பது சுலபம், விடுவது கஷ்டம். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் பல்லிளிக்கும். மடிப்புக்குள் இருந்த துணியின் நிறம், வெளியே வெளிறிய துணியோடு ஒட்டாது. அளவுச் சீட்டையும் நம்ப முடியாது. அமெரிக்காவில் அன்றைய 12-ஆம் எண் இன்றைய 12-ஐ விட நன்றாகவே சிறியது. விவரம் அறிந்தவர்கள் நாடாவால் அளந்து பார்த்த பிறகுதான் பணப்பையைத் திறப்பார்கள்.

1920-களில் மெல்லிய ஷிஃபானில் மணி கோத்துத் தைத்த நடனக் கவுன்களின் கதை பரிதாபம். மாட்டி வைத்தால் மணிகளின் பாரமே துணியைக் கிழித்துவிடும். பெட்டியில் படுக்க வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அதை உடுத்திக்கொண்டு ஆடுவது, நூறு வயதுப் பாட்டியைக் கும்மியடிக்கச் சொல்வது போலத்தான்.

பழைய கவுனை அணிபவர் வேற்றாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1962-இல் 'வெஸ்ட் ஸைட் ஸ்டோரி' படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற ரீட்டா மொரேனோ, ஜப்பானிய ஓபித் துணியில் தைத்த கவுன் அணிந்து மேடையேறினார். 2018-இல், தமது 86-ஆம் வயதில், அதே கவுனின் மேல்பாகத்தை மட்டும் சற்று மாற்றிக்கொண்டு அதே விழாவுக்கு வந்தார். ஐம்பத்தாறு வருஷம் கழித்து அதே பாவாடைக்குள் நுழைவதென்றால் சாமான்யமா?

எல்லாக் கதையும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. அதே 1962-இல், மே 19-ந் தேதி, ஜனாதிபதி கென்னடிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாட மர்லின் மன்றோ அணிந்த மினுமினுக்கும் கவுன், உடம்போடு சேர்த்தே தைக்கப்பட்டது. 2016-இல் அது 48 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கிய 'ரிப்ளி' ஸ்தாபனத்தார், 2022-இல் நியூயார்க்கில் நடந்த மெட் விருந்துக்காக அதைக் கிம் கார்டாஷியனிடம் கொடுத்தார்கள். அதற்குள் நுழைய அந்த அம்மாள் மூன்று வாரத்தில் 16 பவுண்டு எடை குறைத்ததாகச் சொன்னார். அப்படியும் பின்பக்கம் மூடவில்லை! வெள்ளை ரோமப் போர்வையால் மறைத்துக்கொண்டு படியேறினார். சில நிமிஷத்தில் கழற்றிவிட்டு, அதே மாதிரி தைத்த நகலை அணிந்துகொண்டார்.

மியூஸியக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சரித்திரப் புகழ் பெற்ற உடைகளை யாருமே அணியக் கூடாது என்று அவர்களுடைய சர்வதேசக் கழகம் அறிக்கை விட்டது. கவுனுக்குச் சேதமில்லை என்றார்கள் ரிப்ளிகாரர்கள்.

நமக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடலாம். அலமாரிகளில் தூங்கும் சாதாரணக் கவுன்கள் எத்தனையோ. அவற்றைப் பிரித்துத் தைத்து ஆசை தீர உடுத்தட்டும். மன்றோவின் கவுன் ஒன்றே ஒன்றுதான். அதில் கத்தரி வைக்க யாருக்கும் மனம் வராது. வெட்டக் கூடாத துணி என்றால் உடம்பைத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது! அந்தக் கஷ்டம் எதற்கு?

விண்ட்ஸரில் நடந்தது வேறு. ஆஞ்செலா கெல்லி, ஸ்டூவர்ட் பார்வின் என்ற இருவர் கவுனைச் செப்பனிட்டு, பேத்தியின் உடம்புக்குத் தக்கபடி அமைத்தார்கள். ஆர்கன்ஸாவில் குட்டைக் கைகளும் சேர்த்தார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் அந்தக் கவுன் விண்ட்ஸர் கோட்டையில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது, புதுக் கைகளுடனேயே.