தும்பிக்கை ஏன் கழன்று விழுந்தது?

களிமண்ணில் யானை செய்தால் உடம்பு, காது, நாலு கால் எல்லாம் அழகாக வந்துவிடும். மறுநாள் பார்த்தால் தும்பிக்கை மட்டும் தனியே கிடக்கும். உங்கள் கைமேல் பழி போடாதீர்கள். மண் சுருங்கியிருக்கிறது!

ஈர மணலைக் கயிறாக உருட்டிப் பாருங்கள். உதிர்ந்துவிடும். களிமண் உருளும், வளையும். அதன் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை 500 பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடச் சிறியது, பெரும்பாலும் தட்டை. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நடுவே தண்ணீர் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கையை எடுத்ததும் அப்படியே நின்றுவிடும்.

காயும்போது அந்தத் தண்ணீர் போய்விடுகிறது. துகள்கள் நெருங்கிவர, பொம்மை சிறுக்கிறது. மெல்லிய தும்பிக்கை சீக்கிரம் காய்ந்து சுருங்கும். தடித்த உடம்பு இன்னும் ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில் ஒட்டிய இடம் விரிசல் விடுகிறது. ஆகவே ஒட்டுமுன் இரு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த மண்கூழ் தடவி அழுத்துங்கள். நிழலில் காயட்டும். (வெயிலில் வைக்கத்தான் கை பரபரக்கும்!) அய்யனார் கோயில் குதிரை செய்கிறவர்கள் களிமண்ணோடு மணலும் சேர்ப்பார்கள். மணல் சுருங்காது அல்லவா?

காய்ந்த பொம்மை தண்ணீரில் கரைந்துவிடும். சூளையில் சுட்டது கரையாது. சுமார் 600 டிகிரி சூட்டில், துகளுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறி, மண்ணே வேறு பொருளாகிவிடுகிறது. செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்சே என்ற ஊரில் 1925இல் கிடைத்த சுட்டமண் பெண் பொம்மைக்கு வயது 25,000 ஆண்டுக்கு மேல். உயரம் 11 செ.மீ.தான். அதன் முதுகில் ஒரு விரல்ரேகை இருக்கிறது. 7 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளையுடையது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஈரமண்ணைக் கண்டால் தொடாமல் இருக்க முடியுமா என்ன?

ஒரு சோதனை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த களிமண் உருண்டை ஒன்று, ஈரமான உருண்டை ஒன்று. இரண்டையும் தனித்தனிக் கிண்ணத் தண்ணீரில் போட்டு, கலக்காமல் பாருங்கள். ஈரமானதுதான் முதலில் கரையும் என்று தோன்றும். ஆனால் காய்ந்தது குமிழி விட்டபடி பொலபொலவென்று உதிரும்! அதன் இடுக்குகளில் காற்று இருக்கிறது. தண்ணீர் விறுவிறுவென உள்ளே ஏற, நெருக்கப்பட்ட காற்று மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. ஈர உருண்டையின் இடுக்குகளில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் அது நெடுநேரம் அசையாமல் கிடக்கும்.