ஓசைக்கு ஒரு தாழ்ப்பாள்

கண்ணுக்கு இமையைத் தந்த இறைவன் காதுக்கு மூடி தரவில்லை. பார்க்க விரும்பாததைக் கண்ணை மூடித் தவிர்த்து விடலாம். கேட்க விரும்பாததை என்ன செய்வது? நாம் உறங்கும்போதும் காது விழித்தே இருக்கிறது. கடலூரில் நெடுஞ்சாலை ஓரம் குடியிருக்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிதம்பரம் செல்லும் பேருந்துகளின் ஹாரன் ஓசைக்கு நடுவில்தான் எங்கள் வீட்டில் பாடங்கள் மனப்பாடமாகின்றன.

வீட்டில் ஓர் அறையையேனும் ஓசை புகாத அறையாக ஆக்க முடியாதா? முடியும், தோழியரே! ஆனால் அதற்கு நம் மனத்தில் முதலில் தோன்றும் வழி தவறான வழி. நாங்களும் அந்தத் தவற்றைச் செய்துதான் சரியானதைக் கற்றுக் கொண்டோம்.

சிதம்பரத்தில் ஒரு சிக்கல்

தில்லைக் கூத்தனின் ஊராகிய சிதம்பரம் இசைக்கும் பேர் பெற்றது. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இசைக் கல்விக்கும் இடமளித்தது. 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அங்கேதான். அந்த ஊரில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகள் மிருதங்கம் பயில்கிறாள். நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாதகம் செய்வாள்.

சென்ற கோடை விடுமுறைக்கு நாங்கள் அங்கே போனபோது மிருதங்கம் உறைக்குள் இருந்தது. காரணம் கேட்டோம். அடுத்த வீட்டுப் பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாராம். இரு வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். பாட்டியின் மகன் வந்து பெரியப்பாவிடம், "கோபிச்சுக்காதீங்க சார். அம்மா ராத்திரி பூரா வலியிலே தூங்கறதில்லே. விடியற நேரத்திலேதான் கொஞ்சம் கண் அசர்றாங்க. அப்போ மத்தளம் ஆரம்பிச்சுடுது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். அன்றே அக்கா வாசிப்பதை நிறுத்தி விட்டாள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அவளுக்குத் தேர்வு வர ஒரு மாதமே இருந்தது.

ஒரு பக்கம் நோயாளியின் உறக்கம். மறுபக்கம் மாணவியின் படிப்பு. இரண்டில் எதைக் குறை சொல்வது?

நாங்கள் செய்த தவறு

"இதென்ன பெரிய காரியம்?" என்று நாங்கள் முனைந்தோம். பழைய இலவம்பஞ்சு மெத்தை, தென்னை நார் விரிப்பு, கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகள் அனைத்தையும் அக்காவின் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். அறைக்குள் முழக்கம் அடங்கி, மிருதங்க நாதம் இதமாகக் கேட்டது. வெற்றி என்று துள்ளிக் குதித்து, பாட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டோம். பாட்டி சிரித்தார். "எப்பவும் போலத்தான் கேக்குது கண்ணு" என்றார்.

ஏன் இப்படி ஆயிற்று? பள்ளி திறந்ததும் கேட்கலாம் என்று காத்திருக்க நேரமில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர்கள் சொன்ன விளக்கத்தை இங்கே தருகிறோம்.

உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேசினால் எவருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் அடுத்த சொற்கள் வந்து கலந்து விடும். இதைச் சரி செய்ய வாலஸ் சாபைன் என்னும் இளம் ஆசிரியரை ஏவினார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, கடிகாரத்தால் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக் கூட முழக்கம் குறைந்து, ஏறத்தாழ ஒரு வினாடிக்கு வந்தது. கட்டட ஒலியியல் என்னும் கலை பிறந்தது அவ்விதமே. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கமும் அவருடைய ஆலோசனையால் சிறந்தது.

கவனியுங்கள்! மெத்தை செய்தது, அறைக்குள் ஒலி சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வருவதைக் குறைத்தது மட்டுமே. ஒலி வெளியே போவதை அது தடுக்கவில்லை. பஞ்சும் அட்டையும் காற்றுக்கு வழிவிடும் பொருள்கள். காற்று புகும் இடத்தில் ஒலியும் புகும். ஒலியைத் தடுக்க மூன்று காரியங்கள் வேண்டும்: சந்தை அடைத்தல், எடையைக் கூட்டுதல், தொடர்பைத் துண்டித்தல்.

சந்தை அடைத்தல்

ஒலியின் அளவை டெசிபல் என்கிறோம். 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும்; நம் காதுக்கோ ஏறத்தாழப் பாதியாகத் தோன்றும். இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் ஒலியைத் தடுக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோமா? சுவர் 10 அடி நீளம், 10 அடி உயரம். அதிலுள்ள கதவும் சுவரைப் போலவே கனமானது என்று வைத்துக் கொள்வோம். கதவின் அடியில் 3 அடி நீளத்துக்கு அரை அங்குலச் சந்து மட்டும் இருக்கிறது. அதன் பரப்பு சுவரின் பரப்பில் 800இல் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சந்து ஒன்றே, சுவர் முழுவதும் கசிய விடும் ஒலியைப் போல் சுமார் 40 மடங்கு கசிய விடுகிறது! 45 டெசிபல் தடுக்க வேண்டிய சுவர் 29 டெசிபலோடு நின்று விடுகிறது. குடம் எவ்வளவு கெட்டியானால் என்ன, ஓட்டைக் குடத்தில் நீர் நிற்குமா?

சந்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவில் அறைக்குள் விளக்கேற்றிக் கதவை மூடி, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் ஒலியும் கசியும். அக்காவின் அறையில் கொல்லைப்புறக் கதவின் அடியிலும், சன்னல் ஓரங்களிலும், மேலே இருந்த சிமெண்டு ஜாலியிலும் ஒளி தெரிந்தது. பாட்டியின் சன்னலும் அதே கொல்லையைப் பார்த்தது. கொத்தனார் ஜாலியைச் செங்கல் வைத்துப் பூசினார். கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினோம். பழைய லாரி டியூபைப் பட்டையாக வெட்டி, தரையைத் தொடும்படி கதவின் அடியில் அடித்தோம்.

எடையும் தொடர்பும்

கனமான பொருளை ஒலியால் எளிதில் அசைக்க முடியாது. ஆகவே லேசான பிளைவுட் கதவின் மேல் கெட்டிப் பலகை ஒன்றைத் திருகாணியால் பொருத்தினார் தச்சர். ஆனால் எடையை மட்டும் நம்பினால் செலவு மிகும். நாலரை அங்குலச் சுவரை ஒன்பது அங்குலம் ஆக்கினாலும் கூடுவது சுமார் 5 டெசிபல்தான். ஒன்றையொன்று தொடாத இரட்டைச் சுவரே சிக்கனமானது. பாட்டியின் அறையை ஒட்டிய சுவருக்கு இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுச் சட்டம் நிறுத்தி, நடுவே ராக்வூல் என்னும் பாறைப்பஞ்சை வைத்து, ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு அடித்தார்கள். இந்த இடத்தில்தான் பஞ்சுக்கு வேலை!

மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கனத்த ஓசை தரை வழியாகவும் பரவும். ஆகவே ரப்பர் துண்டுகளின் மேல் ஒரு பலகையை வைத்து, அதில் அமர்ந்து அக்கா வாசித்தாள். எங்கள் தென்னை நார் விரிப்பு அந்தப் பலகையின் மேல் ஏறியது.

மீண்டும் பாட்டியிடம் போனோம். வலந்தலைச் சொற்கள் ஒன்றும் கேட்கவில்லை; தொப்பியின் ‘தொம்’ மட்டும் எங்கோ தொலைவில் கேட்பது போல் இருந்தது. வீட்டில் செய்யும் எந்த அறையிலும் ஓசையை முற்றிலும் ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். ஆகவே சாதகத்தை ஏழு மணிக்கு மாற்றிக் கொண்டாள் அக்கா. மீதியை அறிவியல் பார்த்துக் கொண்டது.

நம் வீட்டில் செய்யக் கூடியவை

கடலூர் திரும்பியதும் எங்கள் படிப்பறையிலும் விளக்குச் சோதனை செய்தோம். சன்னலுக்கு ரப்பர் பட்டை, கதவுக்கு டியூப் பட்டை. இவற்றுக்கே ஹாரன் ஓசை நன்றாகக் குறைந்தது. படிக்கும் மேசையைச் சாலைப் பக்கத்திலிருந்து பின்பக்கம் மாற்றியதற்குச் செலவே இல்லை. ஒன்றை மறக்கக் கூடாது: சந்தை எல்லாம் அடைத்தால் காற்றும் அடைபடும். ஆகவே இடையிடையே கதவைத் திறந்து வைக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் நுரைப் பஞ்சைச் சுவரில் ஒட்டவே கூடாது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும்தான் எல்லை.

வெளி ஓசையை உள்ளே விடாதிருக்க அனைவரும் வழி தேடுகிறோம். நம் ஓசை பிறர் வீட்டுக்குள் போகாதிருக்க வழி தேடுவோர் எத்தனை பேர்? எலியா இறைவாக்கினர் இறைவனைப் புயலிலும் காணவில்லை, நிலநடுக்கத்திலும் காணவில்லை. மெல்லிய ஒலியில்தான் உணர்ந்தார். பிறருக்கு அமைதி தருவதும் ஒரு செபமே அன்றோ!

ஒரு செய்தி பாக்கி. அக்கா தேர்வில் தேறி விட்டாள். ஒரு நாள் பாட்டி அவளை அழைத்து, "என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்? சாயங்காலம் மட்டும் அந்தக் கொல்லைக் கதவைத் திறந்து வச்சு வாசி. படுத்திருக்கிறவளுக்குப் பொழுது போக வேணாமா?" என்றாராம். இப்போது மாலை ஐந்து மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.