திருப்தியை எண்ணால் அளத்தல்

கடையிற் பொருள் வாங்கியவர், வங்கியிற் பணம் எடுத்தவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் ஆகிய எல்லோரிடமும் இக்காலத்தில் ஒரு வினா கேட்கப்படுகின்றது: "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா?" கைத்தொலைபேசி வழியாகவோ அச்சிட்ட சிறு தாள் வழியாகவோ வரும் விடைகள், ஈற்றில் ஒரேயோர் எண்ணாகச் சுருங்கித் தலைமைக் கந்தோருக்குச் செல்கின்றன. அந்த எண்ணைப் பார்த்தே ஓர் ஊழியருக்கு ஊக்கப்பணம் கிடைக்கின்றது. மற்றொருவருக்கு இடமாற்றம் வருகின்றது. ஆகவே, அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதை அறிவது கணக்காளருக்கு மாத்திரம் உரிய காரியமன்று.

இவ்வகை அளவைக்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. 1936ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், நேயர் ஆராய்ச்சிக்கென றொபேட் சில்வி என்பவரை நியமித்தது. ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவது ஒன்று; கேட்டவர்கள் அதனை எவ்வளவு சுவைத்தார்கள் என்று அறிவது வேறொன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவருடைய பகுதி இவ்விரண்டையும் பிரித்துக் கணக்கிடத் தொடங்கிற்று. சுவைப்பின் அளவு ஒரு சுட்டெண்ணாகக் கூறப்பட்டது. சிலரே கேட்கும் சங்கீத நிகழ்ச்சியொன்று, இலட்சக்கணக்கானோர் கேட்கும் நகைச்சுவை நிகழ்ச்சியை இச்சுட்டெண்ணில் விஞ்சக்கூடும். கூட்டத்தின் பெருக்கமே மகிழ்ச்சியின் பெருக்கம் என்ற மயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இன்று பெரிதும் வழங்கும் வினாத்தாள் ஐந்து படிகளைக் கொண்டது. முழு அதிருப்திக்கு 1, முழுத் திருப்திக்கு 5, இடைநிலைகளுக்கு 2, 3, 4 எனப் புள்ளிகள் அமையும். அமெரிக்க உளவியலாளர் றென்சிஸ் லிக்கேட் 1932இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இத்தகைய படிமுறை பரவிற்று. விடைகள் வந்த பின்பு என்ன செய்வது என்பதிலேதான் வழிகள் பிரிகின்றன. எல்லாப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி காண்பது ஒரு வழி. 4, 5 ஆகிய இரண்டையும் தெரிந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று காண்பது மற்றொரு வழி.

ஒரு வங்கியின் இரண்டு கிளைகளை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் 100 பேர் விடை தந்தார்கள் என்க. முதற் கிளையில் அத்தனை பேரும் 3 என்றனர். இரண்டாவது கிளையில் 50 பேர் 5 என்றனர். மற்ற 50 பேர் 1 என்றனர். சராசரி பார்த்தால் இரு கிளைகளுக்கும் 3தான். நூற்றுவீதம் பார்த்தாலோ முதற் கிளைக்குப் பூச்சியம், இரண்டாவதற்கு 50. விடைகளில் எவரும் கை வைக்கவில்லை. சூத்திரம் மாறியது, தீர்ப்பும் மாறிற்று. இரண்டாவது கிளையிலே கோபத்தோடு வெளியேறிய 50 பேரும் ஒரே கருமபீடத்தில் நின்றவர்களா, சம்பள நாளன்று வரிசையிற் காத்திருந்தவர்களா என்று விசாரிப்பதே முகாமையாளரின் உண்மையான வேலை. அந்த வேலைக்கு இரண்டு எண்களுமே உதவமாட்டா. 1 இத்தனை, 2 இத்தனை என்று விடைகளின் பரம்பலை அப்படியே எழுதி அனுப்பும் அறிக்கைதான் உதவும். அவ்வாறு எழுதுவதற்கு ஐந்து வரிகளுக்கு மேல் வேண்டியதில்லை.

சராசரியை நூற்றுக்கு மாற்றும்போது ஒரு சிறு தவறு அடிக்கடி நேர்கின்றது. ஐந்தில் மூன்று என்றால் 60 என்று பலர் எழுதிவிடுகின்றனர். படிகள் 1இலிருந்து தொடங்குவதால் மிகக் கீழான விடைக்கும் அக்கணக்கில் 20 கிடைத்துவிடும். முதலில் 1ஐக் கழித்து, பின்பு 4ஆல் வகுத்து, 100ஆற் பெருக்க வேண்டும். அப்போது 3 என்பது சரிநடுவான 50 ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய வாடிக்கையாளர் திருப்திச் சுட்டெண், பத்துப் படிகள் கொண்ட மூன்று வினாக்களை இவ்விதமே 0 முதல் 100 வரையான அளவுக்கு மாற்றுகின்றது.

2003ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெட் றைக்கெல்ட் என்பவர் ஹார்வர்ட் பிஸ்னஸ் றிவியூ என்ற சஞ்சிகையில் வேறொரு கணக்கை முன்வைத்தார். "எங்களை உமது நண்பருக்குப் பரிந்துரைப்பீரா?" என்பதே அவருடைய வினா. விடை 0 முதல் 10 வரை. 9, 10 சொல்பவர் ஆதரவாளர். 7, 8 சொல்பவர் நடுநிலையாளர். 6உம் அதற்குக் கீழும் சொல்பவர் குறை கூறுவோர். ஆதரவாளரின் நூற்றுவீதத்திலிருந்து குறை கூறுவோரின் நூற்றுவீதத்தைக் கழித்தால் கிடைப்பதே புள்ளி. எளிமை காரணமாக இம்முறை உலகெங்கும் பரவிற்று. பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஆறு பெற்ற பிள்ளை சித்தியடைந்துவிடும். இங்கே ஆறு கொடுத்தவர் குறை கூறுவோரின் வரிசையிற் சேர்கின்றார்! சென்ற ஆண்டு 1 கொடுத்த இருபது பேர், வரிசை குறைந்து நாற்காலிகளும் போடப்பட்டமையால் இவ்வாண்டு 6 கொடுத்தால், கிளையின் புள்ளி அணுவளவும் அசையாது. அந்த மாற்றத்துக்காக உழைத்த எழுதுவினைஞரின் முயற்சி கணக்கிலே மறைந்துபோகின்றது.

புள்ளியோடு ஊதியத்தைப் பிணைத்தவுடன் வேறொரு தொல்லை முளைக்கின்றது. "தயவுசெய்து பத்துப் போடுங்கள்" என்று ஊழியர் வாடிக்கையாளரிடம் கெஞ்சத் தொடங்குகின்றார். கோபமுற்றவருக்கு வினாத்தாளே போய்ச் சேர்வதில்லை. இத்தகைய முறைகேடுகள் தம் அளவையைக் கெடுத்துவிட்டன என்று றைக்கெல்ட் அவர்களே 2021இல் எழுதினார்.

விடை தராதவர்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். 1936இல் லிற்றறரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கச் சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச் சீட்டுக்களை அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் அதிகமான விடைகளைப் பெற்றது. லாண்டன் ஜனாதிபதியாவார் என்று அது அறிவித்தது. தேர்தலிலோ 48 மாநிலங்களில் 46ஐ றூஸ்வெல்ட் வென்றார். சீட்டு அனுப்பப்பட்டோரின் பட்டியலும், திருப்பி அனுப்பியோரின் மனப்பாங்கும் நாட்டு மக்கள் அனைவரையும் ஒத்திருக்கவில்லை. தாமாக முன்வந்து விடை தருவோரில் மிக மகிழ்ந்தவரும் மிக வெகுண்டவரும் மிகுந்திருப்பது உண்டு; சாதாரணமாக வந்து போனவர் பேசாதிருந்துவிடுகின்றார். எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, எத்தனை பேர் விடை தந்தனர் என்ற இரண்டும் இல்லாத புள்ளியை ஏற்பதற்கில்லை.

விடைகளின் தொகை சிறிதாயின் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒரு கிளையில் 10 பேரில் 9 பேர் திருப்தி என்றனர். மற்றொன்றில் 400 பேரில் 340 பேர் அவ்வாறு கூறினர் என்க. நூற்றுக்கு 90, நூற்றுக்கு 85 என்று எழுதினால் முதற் கிளையே வென்றதாகத் தோன்றும். எட்வின் வில்சன் 1927இல் வகுத்த சூத்திரத்தின்படி, நூற்றுக்கு 95 நம்பிக்கையளவிற் பார்த்தால், முதற் கிளையின் உண்மை நிலை ஏறக்குறைய 60க்கும் 98க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இரண்டாவது கிளையினது 81க்கும் 88க்கும் இடையிலேயே நிற்கின்றது. முதற் கிளையில் மேலும் ஒருவர் முகஞ்சுளித்திருந்தால் அதன் 90 அன்றே 80 ஆகியிருக்கும். அவ்வாண்டின் ஊக்கப்பணமும் மற்றக் கிளைக்குப் போயிருக்கும்.