கிரில் திருடனைத் தடுக்கும்... கொசுவை? திண்ணைக்கு நாமே வலையடிக்க ஒரு திட்டம்!

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பழைய தெருவில் நடந்து பாருங்கள். வீட்டு முன்னால் திண்ணை இருக்கும். அதற்குக் கிரிலும் இருக்கும். உள்ளே சைக்கிள், செருப்பு, கட்டிப்போட்ட பழைய பேப்பர். ஆள்தான் இருக்க மாட்டார். மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று வரும் நேரத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். காரணம், கொசு.

வெறும் தொல்லை என்றால் விட்டுவிடலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும்தான் அதன் வேட்டை அதிகம். தாத்தா பேப்பர் படிப்பதும், பள்ளி விட்டு வந்த பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதும் அதே நேரத்தில்தான். ராத்திரி கட்டிலுக்குக் கட்டும் வலை அப்போது உதவாது.

வீட்டுக்கே வலையடிப்பது பழைய யோசனைதான். 1900-ல் ரோம் நகருக்கு அருகே, மலேரியா மலிந்த சதுப்பு நிலத்தில் லோ, சாம்போன் என்ற இரண்டு மருத்துவர்கள் கம்பி வலையடித்த மரக்குடிசையில் கொசுக் காலம் முழுக்கத் தங்கிப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்தால் உள்ளே, விடிந்தால் வெளியே. மலேரியா அவர்களைத் தொடவில்லை.

சரி, நம் திண்ணைக்கு வருவோம். முதலில் வேண்டியது டேப்பும் ஒரு தாளும். முன்பக்கம் 10 அடி, பக்கவாட்டில் 5 அடி வீதம் இரண்டு, உயரம் 7 அடி என்று வையுங்கள். மொத்தம் 140 சதுர அடி. மடிப்புக்கும் வெட்டுக்கும் சேர்த்து 155 வாங்கலாம். 4 அடி அகல ரோல் என்றால் 5 துண்டு வரும். துண்டும் துண்டும் சேரும் இடம் கிரில் கம்பியின் மேலேயே விழ வேண்டும். நடுவில் தொங்கினால் முதல் ஆடிக் காற்றிலேயே பிய்ந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் இரண்டாம் முறை போகிறார்கள்.

வலையில் ஓர் அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் இருந்தால் போதும். அதைவிட நெருக்கமாக வாங்கினால் காற்றும் நின்றுவிடும். பிளாஸ்டிக் இழை வலை மலிவு, ஆனால் நேர் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். ஃபைபர் வலை நடுத்தரம். ஸ்டீல் வலை விலை அதிகம், நீண்ட நாள் உழைக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அதையே அடித்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டாம். அது காயத்துக்கு, மழைக்கு அல்ல!

வீட்டில் நாய் இருந்தால், அதிலும் ராஜபாளையம் நாய் என்றால், கீழ் 2 அடிக்கு ஸ்டீல் வலைதான் நல்லது. நகம் பட்டால் மற்றவை தாங்காது. வாடகை வீடா? ஆணி, ஸ்க்ரூ எல்லாம் எதற்கு? வெல்க்ரோ டேப் ஒட்டி வலையைப் பதிக்கலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம், துவைக்கவும் சுலபம். சுவரில் துளை போடுவதென்றால் மட்டும் உள்ளே வயர் எங்கே போகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் வேலை கெடுவது கதவில்தான். மூன்று பக்கமும் அருமையாக வலையடித்துவிட்டு, கதவுக்குக் கீழே ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் கொசுவுக்கு அது ராஜபாட்டை. கதவின் அடியில் ரப்பரோ பிரஷ்ஷோ ஒட்டுங்கள். தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் கீல் போடுங்கள். 'சாத்துடா' என்று பிள்ளையை ஒவ்வொரு முறையும் கத்த முடியாது. வலைக்கதவு உள்ளிருந்து சட்டென்று திறக்கும்படி இருப்பதும் அவசியம். அடுத்து, கூரையும் சுவரும் சேரும் இடம். ஓட்டுத் திண்ணையானால் அங்கே இடைவெளி நிச்சயம். பென்சில் முனை நுழைகிற இடத்தில் கொசுவும் நுழையும். சிறு ஓட்டையைச் சிமென்ட்டாலும், பெரியதை வலைத்துண்டாலும் அடையுங்கள்.

வலையடித்த திண்ணைக்குள்ளேயே கொசு பிறக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பூந்தொட்டித் தட்டு, நாய்க்கு வைக்கும் கிண்ணம், மூடாத குடம்... தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் முட்டை சுமார் ஒன்றரை வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். அதற்கும் முன்னால் அந்தச் சைக்கிளையும் செருப்பு ஸ்டாண்டையும் எங்கே வைப்பது என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். இருட்டு மூலையும் தொங்கும் துணியும்தான் கொசு பதுங்கும் இடம்.