கடைசிப் பந்தியில் லினக்ஸ்

இராயப்பேட்டையில் எங்கள் வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறி, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினிதான். 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. எங்களுடையதில் விண்டோஸ் தளர்ந்துவிட்டது. லினக்ஸ் இன்றும் ஓடுகிறது.

லினக்ஸின் மூலநிரலை யாரும் படித்துச் சரிபார்க்கலாம். அதனாலேயே அந்தரங்கம் பேணுவோர் பலர் அதை நாடுகின்றனர். ஆனால் அந்தரங்கத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் சில, லினக்ஸைக் கடைசிப் பந்தியில் அமர்த்துகின்றன! செர்ன் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014-இல் தொடங்கிய புரோட்டானை எடுத்துக்கொள்வோம். நம் கோப்பு கணிப்பொறியை விட்டு வெளியேறுமுன்பே அதைச் சங்கேதமாக்கி, தானும் படிக்க இயலாதபடி காப்பது அதன் முறை. அதன் 'டிரைவ்' சேமிப்பகத்துக்கு 2023-இல் விண்டோஸ், மேக் செயலிகள் வந்தன. லினக்ஸுக்கு அவ்வாண்டு வரவில்லை.

"உலாவி இருக்கிறதே?" என்பீர்கள். இங்குதான் நுட்பம். உலாவியில், சங்கேதமாக்கும் நிரல் நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்தே ஒவ்வொரு முறையும் வருகிறது. இன்று வந்தது நேற்றையதுதானா என்று யார் பார்ப்பது? நிறுவிய செயலியோ நம்மிடமே இருக்கும்; அடுத்த பதிப்பு வரும்வரை மாறாது. விவரம் தெரிந்தவர்கள் அதை ஆராய்ந்து சொல்லலாம்.

நிறுவனங்களின் கஷ்டமும் உண்மைதான். டெபியன், ஃபெடோரா என்று லினக்ஸில் பல குடும்பங்கள். அவற்றுக்குத் தனித்தனிப் பொதிகள். வாடிக்கையாளரோ சிலர். ஆயினும் 'ஃபிளாட்பேக்' எனும் பொதுப் பொதி பல குடும்பங்களிலும் இயங்குமே! அது ஒன்றைத்தான் கேட்கிறோம்.

என் முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகல், அம்மாவின் வங்கித் தாள்கள் எல்லாம் இப்போதைக்கு ஒரு பென்டிரைவில், டிரங்குப் பெட்டிக்குள். சாவி அம்மாவின் முந்தானையில்.